குழந்தைகளுக்கு வரும் பர்கிட் லிம்போமாவும் வைரஸும்: வார்டில் பெற்றோர் கேட்ட கேள்விகள்

மதுரையில் குழந்தைகள் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் செவிலியராக இருந்தவள் நான். பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று தாய்மார்கள் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி இருக்காது. "எதனால வந்துச்சு சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். டாக்டர் வாயிலிருந்து 'வைரஸ்' என்ற சொல் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். யாரிடமிருந்து ஒட்டியது, யார் எச்சில் பட்டது என்று மனம் அங்கேயே சுற்றும். அப்படிக் கேட்டவற்றுக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாம் பொதுவான பதில்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை அவனைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பர்கிட் லிம்போமா என்றால் என்ன?

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை, பி செல். கிருமியை எதிர்க்கும் புரதத்தை உண்டாக்குவது இதுதான். அந்த பி செல் கட்டுப்பாடு இல்லாமல் பெருகும் புற்றுநோய்தான் பர்கிட் லிம்போமா. மனிதருக்கு வரும் புற்றுகளில் இதைவிட வேகமாக வளர்வது அநேகமாக இல்லை. கட்டி ஒன்றிரண்டு நாளில் இரண்டு மடங்காகிவிடும். வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கீமோ மருந்து நன்றாகக் கொல்லும் என்பதால், இது பெரும்பாலும் முழுதாகக் குணமாகும் நோயாகவும் இருக்கிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது.

வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1957-இல் தாடை இரண்டு பக்கமும் வீங்கிய ஒரு சிறுவனைப் பார்த்தார். கொஞ்ச நாளில் வேறு ஊரில் அதே வீக்கத்தோடு இன்னொரு குழந்தை. சும்மா விடாமல் தேடினார். 1958-இல் அதைப் பற்றி எழுதினார். 1961-இல் பழைய காரில் இரண்டு நண்பர்களோடு சுமார் பத்தாயிரம் மைல் ஆப்பிரிக்காவுக்குள் சுற்றி, எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகிறது, எந்த ஊரில் இல்லை என்று வரைபடம் போட்டார். வெப்பமும் மழையும் சேர்ந்த, மலேரியா விடாமல் இருக்கும் பகுதிகளில்தான் கட்டி அதிகம் இருந்தது.

அதே வருடம் லண்டனில் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஆந்தனி எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர். இதில் வைரஸ் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து இரண்டு வருடத்துக்கு மேல் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் பனிமூட்டம். விமானம் மான்செஸ்டருக்குப் போய்விட்டது. பாட்டில் வந்து சேர்ந்தபோது உள்ளே நீர் கலங்கிக் கிடந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியிருக்கலாம். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கலக்கத்துக்குக் காரணம் கிருமி இல்லை, கட்டியிலிருந்து உதிர்ந்து உயிரோடு மிதந்த புற்று செல்கள். அவரோடு வேலை பார்த்த இவோன் பார் அவற்றை வளர்த்தார். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது செல்லுக்குள் வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேலையில் கூட இருந்த அச்சாங், பார் மூவரும் 1964-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதனால்தான் எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று பெயர். வார்டில் சுருக்கமாக இபிவி என்போம். மனிதப் புற்றோடு தொடர்புள்ளதாகக் கண்ட முதல் வைரஸ் அது. புற்றை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1997-இல் வகைப்படுத்தியது.

என் பிள்ளைக்கு அது யாரிடமிருந்து வந்தது? நான் மென்று ஊட்டியதாலா?

இந்தக் கேள்வியைக் கண்ணீரில்லாமல் கேட்ட தாயை நான் பார்த்ததில்லை. ஆகவே நிதானமாகப் படியுங்கள். இபிவி எச்சில் வழியாகத்தான் பரவுகிறது. முத்தம், ஒரே டம்ளர், வாயில் வைத்த பொம்மை, எது வழியாகவும் வரும். உலகத்தில் பெரியவர்கள் நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் உடம்பில் அது இருக்கிறது. உங்களுக்கு இருக்கும், எனக்கு இருக்கும், டாக்டருக்கும் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒரு சளிக் காய்ச்சல் மாதிரி வரும், அல்லது வந்ததே தெரியாது. பிறகு சில பி செல்களுக்குள் வாழ்நாள் முழுக்கத் தூங்கிக் கிடக்கும். நீங்கள் ஊட்டாமல் இருந்திருந்தாலும் வேறு யாரிடமிருந்தோ வந்திருக்கும். இதில் குற்றவாளி யாரும் இல்லை. மாமியாரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை.

எல்லோருக்கும் இருக்கிற வைரஸ் என் பிள்ளையை மட்டும் ஏன் பிடித்தது?

வைரஸ் தனியாக இந்த வேலையைச் செய்ய முடியாது. செல்லுக்குள் இன்னொரு விபத்து நடக்க வேண்டும். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். பர்கிட் லிம்போமாவில் எட்டாவது குரோமோசோமில் இருக்கும் மிக் என்ற மரபணு உடைந்துபோய், பெரும்பாலும் பதினான்காவது குரோமோசோமில் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. 'பெருகு' என்று செல்லுக்குச் சொல்லும் மரபணு அது. சாதாரணமாக அளவோடு சொல்லும். ஒட்டிக்கொண்ட இடமோ, எதிர்ப்புப் புரதம் செய்யும் மரபணுவின் பக்கம். பி செல்லில் அந்த இடம் இரவு பகல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இதை இப்படித்தான் சொன்னேன்: கடைமடையில் இருந்த வயலைத் தூக்கித் தலைமடையில் வைத்தால் எப்படி இருக்கும்? தண்ணீர் நிற்கவே நிற்காது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இந்த உடைப்பு பிள்ளை வளரும்போது ஒரு செல்லில் தற்செயலாக நடப்பது. தாய் தகப்பன் கொடுத்தது இல்லை. இப்படிக் கெட்டுப்போன செல் சாதாரணமாகத் தானே செத்துவிடும். உள்ளே இருக்கும் வைரஸ் அதைச் சாகவிடாமல் காக்கிறது. மலேரியா திரும்பத் திரும்ப வரும் இடத்தில் பி செல்கள் ஓய்வில்லாமல் பெருகி, மரபணு உடையும் வாய்ப்பு கூடுகிறது. வைரஸை அடக்கி வைக்கும் காவலும் தளர்கிறது. அதனால்தான் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் நோய் அவ்வளவு அதிகம். அங்கே அநேகமாக எல்லாக் கட்டியிலும் இபிவி இருக்கும். அதுவும் ஒரு கட்டியின் எல்லாச் செல்லிலும் ஒரே வைரஸின் வாரிசுகள். கட்டி தொடங்கும் முன்பே வைரஸ் உள்ளே போய்விட்டது என்பதற்கு அது சாட்சி.

மற்ற நாடுகளில் வருவது வேறு வகை. அங்கே சில கட்டிகளில்தான் வைரஸ் இருக்கும், பலவற்றில் இருக்காது. மரபணு உடைப்பு மட்டும் இரண்டு வகையிலும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரும் கட்டியில் வைரஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை ஒன்றுதான்.

ரத்தப் பரிசோதனையில் 'இபிவி பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. புற்றுநோய் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் சொல்வது, எப்போதோ வைரஸ் உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான். தெருவில் போகிற யாரை நிறுத்திச் சோதித்தாலும் அதுதான் வரும். கட்டி இல்லாத பிள்ளைக்கு இந்தச் சோதனையைப் பணம் கொடுத்துச் செய்ய வேண்டாம். கட்டி இருந்தால், வைரஸ் இருக்கிறதா என்பதை அந்தச் சதையிலேயே சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அதுதான் அர்த்தமுள்ள சோதனை.

டெங்கு, சிக்குன்குனியா வந்ததால் இருக்குமா? தடுப்பூசி போட்டதாலா?

இரண்டும் இல்லை.

பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒட்டுமா?

ஒட்டாது. கூடப் படுக்கலாம், கூடச் சாப்பிடலாம். தள்ளி இருக்கச் சொல்வது, வெளியாள் சளி காய்ச்சல் உங்கள் பிள்ளைக்கு ஒட்டக்கூடாது என்பதற்காக.

தம்பிக்கும் வருமா?

பொதுவாக வராது. ஆனால் ஒரு கேள்வியை நான் எப்போதும் கேட்பேன்: பிள்ளையின் தாய்மாமன் யாராவது சின்ன வயதில் காய்ச்சல் கண்டு இறந்திருக்கிறாரா? இபிவியை எதிர்க்கவே முடியாத ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. மிக அபூர்வம். தாய் சுமந்து வருவாள், அவளுக்கு ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளைகளைத்தான் தாக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இபிவி வந்தால் கல்லீரல் வீங்கிக் கடும் காய்ச்சலாகும், அல்லது லிம்போமா வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த வீடுகளில் வேறு சில எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளும் கூடுதலாக வரும். ஆகவே அத்தை மகனா, மாமன் மகளா என்று டாக்டர் கேட்டால் உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு ஏன் எச்.ஐ.வி. சோதனை?

பர்கிட் என்றாலே எல்லாருக்கும் எடுப்பார்கள். எச்.ஐ.வி. இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து லிம்போமா வரும் வாய்ப்பு கூடும், இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும். சந்தேகப்பட்டு எடுப்பது இல்லை. சிறுநீரகம் மாற்றிய பிள்ளைகளுக்கும் இதே போல, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையால் தூங்கும் இபிவி விழித்து லிம்போமா ஆகலாம். அவர்களுக்கு அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பதே முதல் சிகிச்சை.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இதுவும் அதுவா?

பிள்ளைகளுக்கு நெறி கட்டுவது சர்வ சாதாரணம். தலையில் புண், பேன், சொத்தைப் பல், தொண்டை வலி, எது இருந்தாலும் கட்டும். தொட்டால் வலிக்கும், விரலுக்கு நழுவும், இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும். வலியே இல்லாமல் கெட்டியாக இருப்பது, காறை எலும்புக்கு மேல் இருப்பது, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, நாளுக்கு நாள் பெரிதாவது, கூடவே எடை குறைவதும் ராத்திரி வியர்ப்பதும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மெதுவாக மாதக்கணக்கில் கழுத்தில் பெரிதாகும் நெறி ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற வேறொரு வகைப் புற்றாகவும் இருக்கலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வரும் ஹாட்ஜ்கினில் இபிவி அதிகமாகவே காணப்படுகிறது. அதுவும் நன்றாகக் குணமாகும் நோய்.

தாடை வீங்கியிருக்கிறது. பொன்னுக்கு வீங்கி என்று சங்கிலி போட்டுவிட்டோம்.

போட்டது தப்பில்லை, ஆனால் நாளை எண்ணுங்கள். பொன்னுக்கு வீங்கி ஒரு வாரம் பத்து நாளில் வற்றிவிடும். வற்றாமல் பெரிதானால், பல் ஆடினால், ஈறு தடித்தால், அந்தப் பக்கத்துக் கண் முன்னுக்குத் தள்ளினால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள். சொத்தைப் பல் என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிய பிறகு வந்த பிள்ளைகள் உண்டு.

வயிற்று வலிக்குக் குடல் தட்டினோம். அதனால் கட்டி வந்ததா?

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா, ஆறு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பையன் வயிறெல்லாம் விளக்கெண்ணெய் மினுமினுத்தது. குடல் மேலே ஏறிவிட்டது, குடலேத்தம் என்று மூன்று சனிக்கிழமை தட்டியிருக்கிறார்கள், நடுவில் சாப்பிட்டது உள்ளே சிக்கியிருக்கும் என்று தொக்கமும் எடுத்திருக்கிறார்கள். வயிற்றின் வலது பக்கம் கீழே கை வைத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. மூன்றாம் நாள் அதே இடத்தில் என் மூடிய கை அளவுக்கு இருந்தது. "நான் தட்டுனதாலயாம்மா?" என்று அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை அப்பத்தா, தட்டினதால் வரவில்லை, தட்டினதில் மூன்று வாரம் போய்விட்டது, அவ்வளவுதான் என்றேன். அந்தப் பையன் ஆறு மாதம் எங்களோடு இருந்து, நடந்தே வீட்டுக்குப் போனான்.

நம் பக்கம் பர்கிட் அதிகம் தொடங்குவது வயிற்றில்தான், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில். கட்டி இழுத்துக்கொண்டு போவதால் ஒரு குடல் இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும். குடல் செருகல் கைக்குழந்தைக்கு வருவது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு வந்தால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலி விட்டுவிட்டு வருவது, வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு மட்டும் உப்பிக் கை கால் மெலிவது இருந்தால் ஸ்கேன் எடுங்கள், எண்ணெய் வேண்டாம்.

வீக்கம் குறைய ஊசி போட்டார்கள், குறைந்துவிட்டது. பிறகு ஏன் சதை எடுக்க வேண்டும்?

என் மனதை இன்னும் அறுக்கும் விஷயம் இது. கழுத்துக் கட்டியோடு வந்த ஒரு பிள்ளைக்கு, ஏதோ ஒரு இடத்தில் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். கட்டி பாதியானது, வீட்டில் கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்கள். மறு வாரம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. சதை எடுத்து அனுப்பினால் பாதி செத்த செல்கள், என்ன நோய் என்று படிக்கவே முடியவில்லை. திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு நாளில் இரட்டிக்கும் நோயில் இப்படி இரண்டு வாரம் போனது.

ஸ்டீராய்டு லிம்போமா செல்லைக் கொஞ்சம் கொல்லும், ஆனால் குணமாக்காது. சாட்சியை அழித்துவிடும். அதே போல டிபி என்று நினைத்து, சதையோ ஊசியால் எடுத்த நீரோ சோதிக்காமல் ஆறு மாத மாத்திரையைத் தொடங்குவதும் நடக்கிறது. நம் ஊரில் டிபி நெறியும் அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும். "ஸ்டீராய்டு இருக்கா சார் இதில்? சதை டெஸ்ட் முடிஞ்சிருச்சா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நல்ல சதை கிடைத்தால் பர்கிட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். ஒருமுறை லேப் டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கருநீலச் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக் கிடக்க, நடுநடுவே செத்த செல்களைத் தின்னும் வெளிறிய பெரிய செல்கள். மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது போலவே இருந்தது. அதற்கு 'நட்சத்திர வானம்' என்றே பெயர் என்றார்.

சதை எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. எடுக்காமல் விட்டால்தான் பரவும்.

வந்த அன்றே கீமோ போடாமல் ஏன் டிரிப்ஸ் மட்டும்? மூத்திரத்தை ஏன் அளக்கச் சொல்கிறார்கள்?

கட்டி வேகமாகச் சாகும்போது செல்லுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். அதனால் முதலில் நிறைய டிரிப்ஸ், யூரிக் அமிலம் குறைய மருந்து, சில மணிக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மூத்திரம் எவ்வளவு போகிறான் என்பது எங்களுக்கு உயிர்க் கணக்கு. ஒரு சொட்டைக்கூடப் பாத்ரூமில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்புறம் ஒன்று, பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் பழச்சாறும் வாங்கி வருவார்கள். அந்த முதல் வாரம் வேண்டவே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். உடம்பைக் குளிர்விக்கும் என்று ஒளித்துக் கொடுத்த தாத்தாவோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

வைரஸ்தானே, வைரஸ் மருந்து கொடுத்தால் போதாதா?

போதாது. இபிவி கட்டிக்குள் தூங்கும் நிலையில் இருக்கிறது. வைரஸ் மருந்துகள் விழித்துப் பெருகும் வைரஸைத்தான் தாக்கும். இபிவிக்குத் தடுப்பூசியும் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. சிகிச்சை என்றால் கீமோதான்: பல மருந்துகள் சேர்த்து, கடுமையாக, சில மாதங்களுக்கு. நோய் மூளைக்குப் போகாமல் இருக்க முதுகில் ஊசி போட்டும் மருந்து செலுத்துவார்கள். கட்டியை முழுதாக வெட்டி எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கரண்ட் வைப்பதும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சையும், பொதுவாகத் தேவைப்படாது.

பிழைப்பானா?

வசதியான நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் சுமார் ஒன்பது பேர் குணமாகிறார்கள். முற்றிய நிலையில் வந்த பிள்ளைகளுக்குக் கீமோவோடு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. மூன்று வருடம் கழித்து நோய் திரும்பாமல் நன்றாக இருந்தவர்கள், சேர்த்தவர்களில் நூற்றுக்கு 94, சேர்க்காதவர்களில் 82. நம் ஊரில் பின்தங்குவதற்குக் காரணம் மருந்து மட்டுமில்லை. தாமதமாக வருவதும், நடுவில் வரும் தொற்றும், கட்டி கரைந்ததும் சரியாகிவிட்டது என்று சிகிச்சையை விட்டுவிட்டுப் போவதும்தான். முதல் வாரத்திலேயே கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதை நம்பி ஊருக்குப் போய்விடாதீர்கள்.

செலவுக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். கார்டு இல்லை என்று வீட்டில் உட்கார வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அப்பா சான்றுக்கு அலையலாம். சென்னை அடையாற்றுக்கோ வேலூருக்கோ அனுப்பினால், மருத்துவமனைச் சான்றைக் காட்டிப் பிள்ளைக்கு ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் இல்லாமல் போகலாம். துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு.

வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். ராத்திரி காய்ச்சல் அடித்தால்?

காலை வரை காத்திருக்காதீர்கள். கீமோவால் வெள்ளை அணு குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். பேரையூரோ நத்தமோ எங்கிருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள், காய்ச்சல் மாத்திரை கொடுத்து மூடி வைக்காதீர்கள். கீமோ ஓடும் மாதங்களில் சித்திரைத் திருவிழா வந்தால் எதிர்சேவைக் கூட்டத்துக்கும் ஆற்றுக்கும் பிள்ளையைத் தூக்கிப் போக வேண்டாம். அழகரை டிவியில் பார்க்கட்டும்.

எல்லாம் முடிந்துவிட்டது. திரும்ப வருமா? விட்டுப்போன தடுப்பூசியை எப்போது போடலாம்?

பர்கிட் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் திரும்பும். இரண்டு வருடம் தாண்டினால் வருவது அபூர்வம். அதுவரை சொன்ன தேதிக்கு வந்து காட்டுங்கள். தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பூசியைக் கீமோ முடிந்து ஆறு மாதமாவது கழித்துத்தான் போட வேண்டும். ரிட்டுக்சிமாப் போட்ட பிள்ளைக்கு இன்னும் தள்ளிப் போகும். ஊர் நர்சம்மா வீட்டுக்கு வந்து கூப்பிட்டாலும், முதலில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் சரி சொன்ன அன்றைக்கே அனுப்பலாம். முடி வளரும்வரை காத்திருக்க வேண்டாம், தொப்பி ஒன்று போதும்.